நான்கு தையல் கூடும் இடம்

மார்ச் 11

அண்ணிக்கு,

போனில் பேசினால் நீங்கள் "ம்", "ம்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். நான் கத்துவேன். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே கேள்விதான். ஞாயிற்றுக்கிழமை ஏன் பாதியில் நின்றீர்கள்?

வனக்காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் நீங்கள் பாஸானபோது வீட்டில் குதித்தது யார்? நான். "கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு காட்டுக்குள்ள போயி என்ன கிழிக்கப் போறா?" என்று அம்மா கேட்டபோது அம்மாவோடு மல்லுக்கு நின்றது யார்? நான். நீங்கள் விடியற்காலையில் நடந்து பழக வேண்டும் என்று காலைச் சமையலை அண்ணன் தலையில் கட்டியது யார்? அதுவும் நான்தான். அவன் அடுப்படியில் தீய்த்த பாத்திரங்களுக்கெல்லாம் நான் திட்டு வாங்கினேன்.

நான்கு மணி நேரத்தில் பதினாறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பயிற்சியில் நீங்கள் கதை பேசிக்கொண்டே நடந்த வேகத்துக்கு அது ஒன்றுமே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் லீவு போட்டு, பஸ் பிடித்து வந்து, முடிவுக்கோட்டில் நின்றேன். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசியில் ஜீப் வந்தது. பின்சீட்டில் நீங்கள், இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

"என்னாச்சு அண்ணி?" என்றேன். "போதும்னு தோணுச்சு" என்றீர்கள். சிரிப்பு வேறு.

"முடியாதவங்க ஏன் வரணும்? வீட்டுலயே உக்காந்து தின்ன வேண்டியதுதானே!" என்று எல்லார் முன்னாலும் நான் சொன்னது தப்பு என்கிறான் அண்ணன். இருக்கலாம். ஆனால் காரணம் தெரியும்வரை அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மே மாதக் கடைசியில் மறுதேர்வு. அடுத்த வருஷம் உங்களுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் அவ்வளவுதான். போகப் போகிறீர்களா, இல்லையா? ஒரு வரி எழுதுங்கள்.

நான் துணி வெட்டும் வேலையில் சேர்ந்த அன்று நீங்கள் வைத்த பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

கத்திரி


மார்ச் 18

அன்புள்ள கத்திரி,

உன் கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்தபோதே கை சுட்டது.

ஒரு வரி கேட்டாய். எழுதுகிறேன்: எனக்கு உடம்பு பெரியது, நடை ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கு மேல் தோண்ட வேண்டாம். ஜெராக்ஸ் கடை வேலை நன்றாகத்தான் இருக்கிறது. கால் நோகாமல் சம்பளம் வருகிறது. அத்தையும் இப்போது என்னோடு சிரித்துப் பேசுகிறார். எல்லாருக்கும் நிம்மதி. நீயும் நிம்மதியாக இரு.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன். இரண்டு மூன்று நாளாக ஸ்டூலில் உட்கார முடிவதில்லை.

அண்ணி


மார்ச் 22

அண்ணி,

யாராவது ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு கடிதம் எழுதுவார்களா?

அண்ணனுக்கு போன் போட்டேன். முதலில் "எனக்கென்ன தெரியும்" என்றான். மிரட்டியதும் கொட்டினான். நீங்கள் காலை அகட்டி வைத்து வாத்து மாதிரி நடக்கிறீர்களாம். தூங்கும்போது தொடைக்கு நடுவில் தலையணையாம். அம்மாவோ, "பரீட்சையில தோத்துட்டு ஒயிலா நடக்கறா பாரு" என்று சொல்கிறாராம். இத்தனையும் பார்த்துக்கொண்டு அவன் "என்ன ஆச்சு?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பஸ் ஓட்டுகிறவனுக்கு முன்கண்ணாடி வழியாகத்தான் உலகம் தெரியும் போலிருக்கிறது.

நேராகக் கேட்கிறேன். தொடை உரசிப் புண்ணாகிவிட்டதா? இங்கே அயர்ன் போடும் பிரிவில் கோடை வந்தால் பாதிப் பெண்கள் அப்படித்தான் நடப்பார்கள். எனக்குத் தெரியாதா?

இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். நான் உங்கள் நாத்தனார்தான், நீதிபதி இல்லை.

கத்திரி


மார்ச் 27

கத்திரி,

சரி, சொல்கிறேன். இதை இதுவரை உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று காலை தூறல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கால்சட்டை நனைந்து தொடையோடு ஒட்டிக்கொண்டது. மழை நின்றது, வியர்வை பிடித்துக்கொண்டது. பாதி தூரத்தில் ஏதோ எறும்பு கடிப்பதுபோல இருந்தது. அட, எறும்புதானே என்று நடந்தேன். அப்புறம் அது எறும்பு இல்லை, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல ஆகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தேய்ப்பு. காலை அகட்டி நடந்தேன், இடுப்பு வலித்தது. குறுக்கி நடந்தேன், உயிர் போனது. பன்னிரண்டாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தபோது சாம்பல் நிறத் துணியில் சிவப்பாக ஊறியிருந்தது.

தண்ணீர்ப் பந்தலில் மூன்று ஆண்கள். அதில் விசில் வைத்திருந்த அதிகாரி, "என்னம்மா ஆச்சு?" என்று நல்லபடியாகத்தான் கேட்டார். என்ன சொல்வது? எந்த இடத்தைக் காட்டுவது? "போதும் சார்" என்றேன். வாயிலிருந்து வந்தது அதுதான். உன்னிடமும் அதையே சொன்னேன். சிரிக்காவிட்டால் அழுதிருப்பேன்.

வீட்டுக்கு வந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். பவுடரைக் கொட்டினேன், அது ஈரத்தில் குழைந்து மாவுக்கட்டியானது. பிறகு பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்தேன். கத்திரி, குளியலறைச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். வெந்த புண்ணில் வேல் என்பார்களே, வேலே பரவாயில்லை. இப்போது ஒரு பக்கம் துணியோடு ஒட்டிக்கொள்கிறது, பிரித்தால் மறுபடி பிய்கிறது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அந்தக் கால்சட்டை நீ தைத்தது. வேலை முடிந்தும் தங்கி, மேஸ்திரியிடம் கெஞ்சி மெஷின் வாங்கி, எனக்கென்று நீயே வெட்டித் தைத்தது. அழுக்காகக் கூடாது என்று ஒரு நாள்கூடப் போட்டுப் பார்க்காமல் தேர்வுக்கென்று மடித்து வைத்திருந்தேன். உரசியது அதன் நடுத் தையல்தான். கவட்டில் நான்கு தையலும் வந்து கூடுகிற இடத்தில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு முண்டு. அதை நான் சொன்னால் எப்படி இருக்கும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கதையாகத்தானே ஆகும்?

இப்போது சொல்லிவிட்டேன். நீ வருத்தப்படாதே.

அண்ணி


மார்ச் 30

அண்ணி,

கூடம் கோணல்தான். நான்தான் கட்டினேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதே பேட்டர்னில் இன்னொன்று வெட்டித் தைத்தேன். உள்பக்கம் திருப்பி அந்த இடத்தை என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நூறு தேய்ப்புக்குக்கூடப் பொறுக்க முடியவில்லை. உங்களுக்கு எத்தனை ஆயிரம் என்று கணக்குப் போடப் போய், நிறுத்திவிட்டேன். அது நிற்பதற்கும் பஸ்ஸில் உட்காருவதற்கும் தைக்கிற பேட்டர்ன். துணியும் பருத்தி. பருத்தி நல்லது, நல்லது என்று நானே பெருமையாகச் சொன்னேன். வியர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது அது.

வீட்டில் உட்கார்ந்து தின்னச் சொன்னேனே, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, உங்களுக்கே தெரியும்.

ஆனால் நீங்கள் சொல்லாமல் மறைத்தது உங்கள் தப்பு. என் மனசு நோகக் கூடாதென்று உங்கள் தோலைக் கொடுப்பீர்களா? என்ன கணக்கு இது?

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். நாளைக்கு இல்லை, இன்றைக்கு. துணியோடு ஒட்டுகிறது என்றால் நீர் வடிகிறது என்று அர்த்தம். ஸ்பிரிட், பவுடர், மஞ்சள், பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, எதையும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

போய்விட்டு எழுதுங்கள். மறுதேர்வுக்கு வருகிறேன் என்று பதில் அனுப்பக் கடைசி நாள் ஏப்ரல் இருபது.

கத்திரி


ஏப்ரல் 12

அன்புள்ள கத்திரி,

போனேன். பெண் டாக்டர்தான், ஆனாலும் அறைக்குள் போனதும் "தலைவலி" என்று சொல்லிவிட்டேன். அவர் என் நடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தலைவலி இருக்கறவங்க இப்படி நடக்க மாட்டாங்களே" என்றார்.

பார்த்துவிட்டுத் திட்டினார். தோல் பிய்ந்த இடத்தில் சீழ் வைக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காய்ச்சல் வந்து படுத்திருப்பேனாம். மாத்திரையும் களிம்பும் எழுதினார். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு களிம்பு. வீட்டில் தொளதொள உடுப்புதான். ஆறும்வரை நடைப் பயிற்சி கிடையாது.

"என் உடம்பு வாகு அப்படி டாக்டர்" என்றேன்.

"வாகுமில்ல, ஒண்ணுமில்ல. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் அக்குள்ல, மார்ல, எங்கயாவது உரசும். தோலும் ஈரமும் உப்பும் சேர்ந்து தேய்ச்சா புண்ணுதான். ஓடறவங்க, மலையேறறவங்க, டிரைவருங்க எல்லாருக்கும் வருது. தலைவலின்னா அன்னைக்கே வர்றாங்க. இதுக்குன்னா சீழ் பிடிச்சப்புறம்தான் வர்றாங்க."

டிரைவர் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு வந்து உன் அண்ணனைக் கேட்டேன். மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு கோடையிலும் அவருக்கும் இதே கதியாம். வெயிலில் இன்ஜின் சூட்டோடு நாள் முழுக்க ரெக்சின் சீட். "நீ சிரிப்பேன்னு சொல்லல" என்றார். ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, இருவரும் தனித்தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறோம். சிரித்தேன், அவர் சொன்னதுபோலவே. அவரும் சிரித்தார்.

இப்போது புண் மூடிவிட்டது. ரோஜா நிறத்தில் புதுத் தோல், குழந்தையின் தோல் மாதிரி. தொடவே பயமாக இருக்கிறது.

பதில் அட்டையை நேற்று அனுப்பிவிட்டேன். "வருகிறேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டு, அது சரியாகத் தெரியவில்லையோ என்று அதன் மேலேயே இன்னொரு டிக் போட்டேன்.

அத்தை, "மறுபடியுமா?" என்றார். "மறுபடியும்தான் அத்தை" என்றேன். 

அண்ணி


ஏப்ரல் 17

அண்ணி,

பார்சலில் இருப்பது மேலே போடும் கால்சட்டை இல்லை, அதற்குள்ளே போடும் அரைக்கால் உடுப்பு. வேகமாக உலரும் துணி, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை வரும். உடம்போடு ஒட்டி இருக்கும், கூச்சப்படாதீர்கள். தொளதொளவென்று இருந்தால்தான் மடிந்து தேய்க்கும். இனி தொடையும் தொடையும் உரசாது, துணியும் துணியும்தான் உரசும். தேய்ந்தால் துணி தேயட்டும், இன்னொன்று தைத்துக்கொள்ளலாம்.

நான்கு தையல் கூடும் இடமே இதில் கிடையாது. கவட்டில் சாய்சதுரமாக ஒரு தனித் துண்டு வைத்து, தையல்களைத் தொடையின் முன்பக்கமாகத் தள்ளிவிட்டேன். எல்லாம் தட்டைத் தையல். விரலால் தடவிப் பாருங்கள், எங்கே தையல் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் எழுதுங்கள். இதற்குள்ளே வேறு ஜட்டி போடாதீர்கள், அதன் எலாஸ்டிக் ஒரு புது வில்லன். மார்க்கச்சைப் பட்டியும் அப்படித்தான் உரசும்.

சின்ன டப்பாவில் வாசலின் வைத்திருக்கிறேன். கிளம்பும் முன் தொடையிலும் அந்தப் பட்டிக்குக் கீழேயும் பூசுங்கள், வழியிலும் பூசுங்கள். எரிய ஆரம்பித்த பிறகு இல்லை, லேசாகச் சூடு தெரிந்த உடனே. தண்ணீரை அடிக்கடி குடியுங்கள். குடிக்காவிட்டால் வியர்வை உப்பாகப் பூத்து அதுவே மணல் ஆகிவிடும்.

முக்கியமானது: தேர்வு நாளுக்கென்று மடித்து வைத்தீர்கள் என்று தெரிந்தால் நேரில் வந்து கொளுத்திவிடுவேன். போடுங்கள், துவையுங்கள், கந்தலாக்குங்கள்.

கத்திரி


மே 6

கத்திரி,

போட்டேன், நடந்தேன், குறை சொல்லப் போகிறேன். நீ கேட்டதால்தான்.

முதல் நாள் தெருமுனை போய் வருவதற்குள் வலதுகால் விளிம்பு சுருண்டு மேலே ஏறிக்கொண்டது. நடுத்தெருவில் நின்று இழுத்துவிட முடியுமா? பால் பூத் பின்னால் ஒதுங்கி இழுத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அப்படியே. இடது கால் சமர்த்து, வலது கால்தான் வம்பு. என் வலது தொடை இடதைவிடக் கொஞ்சம் பெரியது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

மற்றபடி, கத்திரி, நடுவில் ஒன்றுமே தெரியவில்லை. முதலில் அதை நம்பவே முடியவில்லை. எப்போது கடிக்கும், எப்போது கடிக்கும் என்று காத்துக்கொண்டே நடந்தேன், கடிக்கவில்லை. ஆற்றுப்பாலம் தாண்டியதும் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன். வீடு திரும்பியபோது உள்ளங்கால் மட்டும்தான் வலித்தது. நியாயமான வலி அது.

சனிக்கிழமை முழுத் தூரமும் நடந்தேன். மார்க்கச்சைப் பட்டியின் கீழே ஒரு சிவப்புக் கோடு. அங்கே பூச மறந்தேன். இனி மறக்க மாட்டேன்.

வலது கால் விளிம்பை மட்டும் ஏதாவது செய். நீ வருவாய் அல்லவா தேர்வுக்கு?

அண்ணி


மே 14

அண்ணி,

இரண்டு கால்களுக்கும் தனித்தனி அளவு வைத்து, விளிம்புக்கு உள்ளே அகலமான பட்டி கொடுத்திருக்கிறேன். இனி ஏறாது. ஏறினால் என் தொழிலை விட்டுவிடுகிறேன்.

நான் வரவில்லை. லீவு கேட்டால் கிடைக்கும், ஆனாலும் வரவில்லை. போன தடவை நான் அங்கே நின்றதால்தான் நீங்கள் சிரிக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை நீங்கள் யாருக்காகவும் முகத்தைச் சரிசெய்ய வேண்டாம். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

கத்திரி


ஜூன் 3

என் கத்திரிக்கு,

இந்தத் தடவை தூறல் இல்லை, வெயில். எட்டு மணிக்கே சாலை கண்ணைக் கூச வைத்தது. பூச வேண்டிய இடமெல்லாம் பூசி, டப்பாவைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முன்னால் ஓடியவர்களைப் பார்க்கவில்லை. என் நடையை மட்டும் நடந்தேன்.

பத்து கிலோமீட்டர் தாண்டியதும் இரண்டு தொடைக்கும் மேலே, இடுக்கில், லேசான சூடு. வியர்வை பூச்சைக் கழுவிவிட்டது. முன்பு என்றால் எறும்பு என்று சொல்லிக்கொண்டு நடந்திருப்பேன். தண்ணீர்ப் பந்தல் தெரிந்தது. அதே விசில் அதிகாரி. நேராக அவரிடம் போனேன்.

"சார், தொடை உரசுது. மருந்து பூசணும். ஒதுங்க எடம் வேணும்" என்றேன்.

சத்தமாகத்தான் வந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. அதிகாரி கொஞ்சம் விழித்தார், விசிலைப் பார்த்தார். பிறகு, "அந்தத் தார்ப்பாய்க்குப் பின்னாடி போங்கம்மா. ஏய், நீங்கல்லாம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்கா அன்று நான்கு கிலோமீட்டரை விட்டேன்!

தார்ப்பாய்க்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். தீக்குச்சி மாதிரி உடம்பு. தரையில் உட்கார்ந்து கைக்குட்டையால் தொடையைத் துடைத்துத் துடைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"தேய்க்காதம்மா, ஒத்து" என்றேன்.

"நான் இவ்ளோ ஒல்லியா இருக்கேன், எனக்கு எப்படிக்கா?" என்றாள், ஏதோ அநியாயம் நடந்துவிட்டதுபோல.

அவள் கால்சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நான்கு தையலும் கூடி, நடுவில் அதே முண்டு. கடையில் வாங்கியதாம். எனக்குப் பூசிக்கொண்டு டப்பாவை அவளிடம் கொடுத்தேன். "பூசிக்கிட்டு பேண்ட்டைத் திருப்பிப் போடு. உள்பக்கம் வெளிய வரட்டும்."

"ஐயோ, எல்லாரும் பாப்பாங்களே!"

"பாக்கட்டும். பாக்கறவங்க யாரும் நமக்காக நடக்கப் போறதில்ல."

போட்டாள். இரண்டு பாக்கெட்டும் வெளியே தொங்க, முயல் காது மாதிரி ஆட ஆட நடந்தாள். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். பிறகு இளங்கால் இல்லையா, என்னைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதே, போ என்றுதான் நானும் நினைத்தேன்.

கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. கெண்டைக்கால் இழுத்தது. ஆனால் தோல் என்னோடு இருந்தது, கத்திரி. கோட்டைத் தாண்டியபோது கடிகாரத்தில் இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. மேஜையில் எழுதிக்கொண்டிருந்தவர் என் எண்ணைக் கேட்டார். எண் சட்டையிலேயே இருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை, கண்ணில் அவ்வளவு தண்ணீர். முகத்தைச் சரிசெய்துகொள்ளவில்லை.

நேற்றுப் பட்டியல் வந்தது. என் எண் இருக்கிறது. அந்தத் தீக்குச்சியின் எண்ணும் என்னுடையதற்கு நான்கு வரி மேலே இருக்கிறது. உன் அண்ணன் பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு போனில் "அப்படியா? அப்படியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பயணிகள் கத்தும்வரை. அத்தையோ, எத்தனை மாதப் பயிற்சி, அங்கே குளிருமா என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை பயிற்சி முகாமில் சேர வேண்டும். சீருடை அங்கேயே தருவார்களாம், எல்லாருக்கும் ஒரே அளவுக் கால்சட்டை. கையில் வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்க்கப் போகிறேன். தையல் சரியில்லையென்றால், எத்தனை அதிகாரிகள் இருந்தாலும், முதல் நாளே கையைத் தூக்கிச் சொல்லிவிடுவேன். வாய்க்குப் பழகிவிட்டது.

அண்ணி